லோயர் கேம்ப்: பாரக்ஸ் இல்லாத ஒரு பட்டாளம்

கூடலூரிலிருந்து குமுளி போகும் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கேட்கும் முதல் கேள்வி, "குமுளியா, கேம்ப்பா?" கேம்ப் என்றால் லோயர் கேம்ப். மலைச்சாலை தொடங்கும் இடத்தில், தமிழ்நாட்டின் கடைசி ஊர் மாதிரி உட்கார்ந்திருக்கும் பகுதி. கூடலூர் நகராட்சிக்குள் வருகிறது. மின் நிலையம், வாரிய ஊழியர் குடியிருப்பு, போலீஸ் சோதனைச் சாவடி, பென்னிகுவிக் மணிமண்டபம், நாலைந்து டீக்கடை. தேக்கடிக்குச் சுற்றுலா போகிறவர்கள் பத்து நிமிஷத்தில் தாண்டிப் போய்விடுவார்கள்.

இந்தப் பெயரில் உள்ள "கேம்ப்" யாருடைய கேம்ப்? அதுதான் இந்தக் கட்டுரை. "டேம் கட்டுனப்ப வெள்ளைக்காரன் போட்ட கேம்ப்" என்று உள்ளூரில் எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த வேலைக்கு வந்தவர்களில் ஒரு பெரிய பகுதி துப்பாக்கி தூக்கிய சிப்பாய்கள், சென்னை மாகாணப் படையின் இரண்டு பட்டாலியன்கள், என்பது பலருக்குத் தெரியாது. நான் கொஞ்ச நாளாக சென்னைப் படைகளின் வரலாற்றைப் பொழுதுபோக்காகத் தேடிக்கொண்டிருக்கிறேன். வேலூர், பாளையங்கோட்டை, பரங்கிமலை என்று பழைய ராணுவக் கட்டடங்களைப் பார்த்து வந்த வரிசையில் லோயர் கேம்ப்பையும் சேர்த்துக்கொண்டேன். மற்ற இடங்களில் சுவர் இருக்கும், பெயர் இருக்காது. இங்கே நேர்மாறு.

இடத்தின் அமைப்பு

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்வோம். கம்பம் பள்ளத்தாக்கு தெற்கே போகப் போகக் குறுகிக்கொண்டே வந்து மலையில் முட்டி நிற்கும். அந்த முட்டும் இடம்தான் லோயர் கேம்ப். மேலே முகடு. அதுதான் எல்லை. முகட்டுக்கு அந்தப் பக்கம் பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலக்கிறது. இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். அதே முகட்டின் வேறொரு பகுதியில்தான் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. கூடலூரைச் சேர்ந்த பளியன்குடியிலிருந்து காட்டுப்பாதையில் ஏறிப் போகலாம். சித்திரை முழுநிலவன்று மட்டும் இரண்டு மாநில அரசுகளும் அனுமதி கொடுக்கும்.

லோயர் கேம்ப்பில் நின்று மேலே பார்த்தால் மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்குவது தெரியும். தேக்கடி மதகு வழியாக வரும் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் நுழைந்து, இந்தக் குழாய்களில் விழுந்து, கீழே நான்கு மின்னாக்கிகளைச் சுழற்றுகிறது. மின் நிலையம் 1950களின் கடைசியில் இயங்கத் தொடங்கி 1965இல் முழுமை பெற்றது. அதற்கு முன்பு அறுபது வருஷத்துக்கும் மேலாகத் தண்ணீர் சும்மா மலையில் அருவியாக விழுந்து வைரவனாற்றில் சேர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து சுருளியாறு, பிறகு வைகை. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரில்தான். அதற்குப் பிறகு மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது.

எல்லாம் 1895க்குப் பிறகு வந்தவை. அதற்கு முன் இந்த இடம் பள்ளத்தாக்கின் முட்டுச்சந்து, அவ்வளவுதான்.

கூலிக்காரர் ஓடிப்போகலாம், சிப்பாய் ஓட முடியாது

அணைக் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். நம் விஷயத்துக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே உண்டு. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789இல் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னதாகப் பதிவு. 1808இல் காப்டன் கால்டுவெல் மலையேறிப் பார்த்துவிட்டு, இது வெறும் கற்பனை, மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம் என்ற பொருளில் அறிக்கை கொடுத்தார். (இவர் ராணுவப் பொறியாளர். திருநெல்வேலி பிஷப் கால்டுவெல் வேறு.)

1850இல் ஒரு சிறிய முயற்சி நடந்தது. மண் அணை. அது பாதியில் நின்றதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் கவனியுங்கள். இடம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கூலியைக் கூட்டிக் கொடுத்தால்தான் வேலை செய்வோம் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். அரசு கூட்டிக் கொடுக்கவில்லை. வேலை நின்றுபோனது.

அடுத்து 1876–78 பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வது. அதற்குப் பிறகு அரசு இதைத் தள்ளிப்போட முடியவில்லை. 1882இல் திட்டத்தைத் திருத்தி எழுதும் வேலை மேஜர் ஜான் பென்னிகுவிக்கிடம் வந்தது. அணை கட்டும் இடம் திருவிதாங்கூர் மண்ணில் இருந்ததால் 1886 அக்டோபர் 29இல் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷம். 1887இல் வேலை தொடங்கியது.

இப்போது ஆள் வேண்டும். அணை வருகிற இடமோ மனிதக் குடியிருப்பு இல்லாத அடர்காடு. பக்கத்து ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர், இன்று கொடைக்கானல் ரோடு என்று பெயர் மாறியிருப்பது. அங்கிருந்து அணை 80 மைலுக்கு மேல். யானை, புலி எல்லாம் இரண்டாம் பட்சம். முதல் எதிரி மலேரியா. ஏப்ரல் முதல் ஜூன் வரை காய்ச்சல் உச்சம் என்பதால் அந்த மாதங்களில் வேலையே நடக்காது. மழைக்காலத்தில் வெள்ளம். மிச்ச மாதங்களில்தான் வேலை. திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி 1899இல் "பெரியாறு திட்ட வரலாறு" என்ற நூலை எழுதினார். நாட்டுச் சாராயம் மட்டும் இல்லாவிட்டால் இந்த அணை முடிந்தே இருக்காது என்ற கருத்தை அவரே அதில் பதிவு செய்திருக்கிறார். குளிரும் காய்ச்சலும் தாங்க அதுதான் மருந்து என்று நம்பினார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்கு 1850இல் வந்த தொழிலாளி என்ன செய்தார்? கூலி கட்டுப்படவில்லை, கிளம்பிவிட்டார். சிப்பாய் அப்படிக் கிளம்ப முடியாது. கிளம்பினால் அதற்குப் பெயர் வேறு, தண்டனையும் வேறு. அணை வேலைக்குப் பட்டாளத்தைக் கொண்டுவந்ததில் இந்தக் கணக்கும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். எப்படியோ, மதராஸ் பயனியர்ஸ் முதல் பட்டாலியனும் நான்காவது பட்டாலியனும் பெரியாற்று வேலைக்கு வந்தன. கூடவே பள்ளத்தாக்கிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான கூலிகள். தற்காலிகத் தடுப்பணைகளுக்கு மரவேலை செய்ய கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள்.

யார் இந்தப் பயனியர்கள்?

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இணையத்தில் தேடினால் "மதராஸ் பயனியர்ஸ்" என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு படைகள் வரும்.

முதலாவது, 1780இல் உருவாக்கப்பட்டது. அது 1830களில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையாக மாறிவிட்டது. இன்று பெங்களூரில் இருக்கும் மதராஸ் இன்ஜினியர் குரூப் அதன் வாரிசு. பெரியாற்றுக்கு வந்தவர்கள் இவர்கள் அல்ல.

இரண்டாவது, சாதாரண காலாட்படையாக இருந்து பயனியராக மாற்றப்பட்டவை. மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரியின் 1வது, 4வது ரெஜிமென்ட்கள். இரண்டுமே 1750களின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி திரட்டிய முதல் பட்டாளங்களின் வழி வந்தவை. 4வது ரெஜிமென்ட் 1803இல் அசாயே போரில் ஆர்தர் வெல்லெஸ்லியின் கீழ் நின்றது. பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகி வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர்தான் அந்த வெல்லெஸ்லி. அவ்வளவு பழைய பட்டாளம்.

இவை 1883இல் பயனியர்களாக மாற்றப்பட்டன. அந்தக் காலத்தின் பின்னணியும் முக்கியம். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதி ஃபிரெடரிக் ராபர்ட்ஸ். தென்னிந்தியர்கள் போருக்கு லாயக்கில்லாதவர்கள், வடமேற்கே உள்ளவர்கள்தான் "போர்க்குணம் உள்ள இனங்கள்" என்ற கொள்கையை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர். அதன் பிறகு சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது வடக்கத்தி ஆட்களைக் கொண்டு நிரப்பப்பட்டன. பயனியர்களில் தென்னாட்டு ஆட்கள் நீடித்தார்கள்: தமிழர்கள், முஸ்லிம்கள், பறையர்கள், கிறித்தவர்கள்.

பயனியர் என்றால் என்ன? காலாட்படை வீரனுக்கு உள்ள அத்தனை பயிற்சியும் உண்டு. துப்பாக்கி உண்டு. அதோடு முதுகில் மண்வெட்டியோ கடப்பாறையோ கோடரியோ உண்டு. படை போகும் வழியில் ரோடு போடுவது, பாலம் கட்டுவது, பள்ளம் தோண்டுவது. தேவைப்பட்டால் கருவியை வைத்துவிட்டுச் சுடுவது. ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் அன்று 7 ரூபாய். 1895இல்தான் 9 ஆனது.

போருக்கு லாயக்கில்லை என்று சொல்லப்பட்ட அதே தென்னாட்டு ஆட்களைத்தான் போரைவிட அதிகம் ஆளைத் தின்ற ஒரு இடத்துக்கு அனுப்பினார்கள்.

பாரக்ஸ் எங்கே?

லோயர் கேம்ப்பில் ஒரு டீக்கடையில் வயதான ஒருவரிடம் கேட்டேன். "ஐயா, இங்க பட்டாளத்துக்காரங்க தங்கியிருந்த பாரக்ஸ், லைன் மாதிரி பழைய கட்டடம் ஏதாவது இருக்கா?"

"பாரக்ஸா? அப்படி ஒண்ணும் இல்லையே தம்பி. பழசுன்னா ஈபி குவார்ட்டர்ஸ்தேன். மண்டபத்தப் பாத்தீகளா?"

"பாத்துட்டேன்யா."

"பட்டாளத்துக்காரக வந்தாகன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. கல்லு ஒடைக்கிறதுக்குப் பட்டாளமான்னு ஊர்ல சிரிச்சாகளாம். எங்கன தங்குனாகன்னு யாருக்குத் தெரியும்? கொட்டா போட்டுருப்பாக."

அவர் போகிறபோக்கில் சொன்ன "கொட்டா போட்டுருப்பாக"தான் விஷயம்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பாரக்ஸ் என்பது பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாய்க்குத்தான். அரசே செங்கல், சுண்ணாம்பு வைத்துக் கட்டிக் கொடுக்கும். உயரமான கூரை, வராந்தா, காற்றோட்டம். 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்த சிப்பாய்கள் சுட்டது ஐரோப்பியப் படையின் பாரக்ஸைப் பார்த்துத்தான். இந்தியச் சிப்பாய்க்கு அப்படி இல்லை. கன்டோன்மென்டில் அவனுக்கு ஒரு இடத்தைக் காட்டுவார்கள். குடிசை போடக் கொஞ்சம் படிப்பணம் கொடுப்பார்கள். மண், மூங்கில், ஓலை கொண்டு அவனே போட்டுக்கொள்ள வேண்டும். வரிசை வரிசையாக நிற்பதால் அதற்கு "லைன்" என்று பெயர். பட்டாளம் ஊர் மாறினால் குடிசையை அடுத்து வருகிறவனுக்குக் கொடுத்துவிட்டுப் போவான். நிரந்தரமான கன்டோன்மென்டிலேயே இதுதான் நிலை என்றால், ஒரு காட்டு வேலைக்காக மலையடிவாரத்தில் போட்ட கேம்ப்பில் என்ன இருந்திருக்கும்? ஒரு மழைக்காலம் தாண்டாத கொட்டகைதான்.

நம் ஊர்களில் பழைய ராணுவக் கட்டடம் என்று பார்த்துப் படம் எடுப்பவற்றில் பெரும்பகுதி வெள்ளைக்காரச் சிப்பாய்க்கோ அதிகாரிக்கோ கட்டியவை. எண்ணிக்கையில் பல மடங்கு அதிகமாக இருந்த நம் ஆட்கள் தங்கிய இடம் எதுவும் மிஞ்சவில்லை. கல்லில் கட்டியது நின்றது. ஓலையில் கட்டியது போனது. யாருக்குக் கல், யாருக்கு ஓலை என்பது அன்றைக்கே முடிவான விஷயம். இன்று நாம் கட்டடங்களை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் அந்தப் பழைய முடிவையே திரும்ப எழுதுகிறோம்.

இதே "லைன்" என்ற சொல் மலைக்கு மேலேயும் உண்டு. பீர்மேடு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களிலும், இலங்கை மலையகத்திலும் தமிழ்த் தொழிலாளர்கள் வரிசையாக வாழும் வீடுகளுக்கு லயம், லயன் என்றுதான் பெயர். கீழே சிப்பாய் லைன், மேலே கூலி லைன்.

கேம்ப் என்றால் பாளையம்

கட்டடம் இல்லை. ஆனால் பெயர் இருக்கிறது. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். பத்து வருஷத்துக்கு முன்பு தூக்கியெறிந்த ஒரு மாட்யூலின் பெயர் ஏதோ ஒரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எதற்கு இந்தப் பெயர் என்று கேட்டால் டீமில் யாருக்கும் தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் பழைய டிசைன் முழுக்கக் கிடைக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் படை தங்கிய இடத்தை ஊர்ப்பெயராக வைப்பது புதிதல்ல. உத்தமபாளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாளையம் என்றால் படை இறங்கித் தங்கும் இடம். மதுரை நாயக்கர் காலத்தில் நாட்டைப் பாளையங்களாகப் பிரித்துப் பாளையக்காரர்களிடம் கொடுத்தபோது அந்தச் சொல் நிர்வாகச் சொல்லாயிற்று. தமிழ்நாடு முழுக்க எத்தனை பாளையம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சென்னையில் பட்டாளம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. திருச்சியில் கன்டோன்மென்ட் இருக்கிறது. இந்த வரிசையில் லோயர் கேம்ப்பை வைத்துப் பார்த்தால் அது "கீழ்ப்பாளையம்" என்பதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. மலைக்கு மேல் அணைப் பக்கம் ஒரு முகாம், மலைக்குக் கீழ் ஒரு முகாம். கீழே உள்ளது லோயர்.

கீழ் முகாமின் வேலையும் சின்னதல்ல. அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையால் ஆனது. சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லைப் பொடித்தது. சிமென்ட் கிடையாது. அணையின் நீளம் 1,200 அடி. அஸ்திவாரத்திலிருந்து உயரம் 176 அடி. மேலே 12 அடி அகலம். அடியில் சுமார் 138 அடி. இவ்வளவுக்கும் தேவையான சுண்ணாம்புக்கல், கருவி, அரிசி, துணி எல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேற வேண்டும். மாட்டு வண்டியில் மலையடிவாரம் வரை. அங்கிருந்து மலைப்பாதையிலும், கம்பிவடத்தில் தொங்கவிட்டு இழுக்கும் ரோப்வேயிலும் மேலே. பிறகு ஆற்றில் படகு. எட்டு வருஷம் இந்தச் சங்கிலியின் நடுக் கண்ணியாக இருந்தது இந்த இடம். இன்றைக்கு லாஜிஸ்டிக்ஸ் ஹப் என்று சொல்வோமே, அது.

மண்டபத்தில் ஒருவர்

மணிமண்டபம் 2013 ஜனவரி 15இல் திறக்கப்பட்டது. அது பென்னிகுவிக்கின் பிறந்தநாள் (1841, பூனா). ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குச் சுற்றுவட்டார விவசாயிகள் இங்கே வந்து பொங்கல் வைக்கிறார்கள். நம் நாட்டில் ஒரு பொறியாளருக்குப் பொங்கல் வைக்கிற இடம் வேறெங்கே இருக்கிறது? கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் என்று பேர் வைத்த பிள்ளைகள் உண்டு. கடைகளில், வீடுகளில் அவர் படம் சாமி படத்தோடு மாட்டியிருக்கும். இதில் கேலி செய்ய எதுவும் இல்லை. தண்ணீர் வந்த ஊருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அவரும் பட்டாளத்துக்காரர்தான் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். ராயல் இன்ஜினியர்ஸ் அதிகாரி. அப்பா பிரிகேடியர் ஜான் பென்னிகுவிக் 1849 ஜனவரியில் பஞ்சாபின் சிலியன்வாலா போரில் இறந்தார். அதே நாளில் அதே களத்தில் அவருடைய இன்னொரு மகனும் இறந்தார். நம் பென்னிகுவிக்குக்கு அப்போது எட்டு வயதுகூட நிரம்பவில்லை. 1868இல் அபிசீனியப் படையெடுப்பில் இவரும் போனார். பிறகு வாழ்நாளில் பெரும்பகுதி அணை, கால்வாய், நகரக் குடிநீர் என்று கழிந்தது. 1911 மார்ச்சில் இங்கிலாந்தில் இறந்தார். கல்லறை ஃபிரிம்லி புனித பீட்டர் தேவாலயத்தில் இருக்கிறது.

அவர் சொத்தை விற்று, மனைவி நகையை விற்று அணை கட்டினார் என்ற கதை பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரியும். இது சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் துறைத் திட்டம். மதிப்பீடு, ஒப்புதல், செலவு எல்லாம் அரசுக் கணக்கில் நடந்தவை. நகை விற்ற கதை இல்லாமலேயே அவர் பெரிய பொறியாளர்தான். ஆற்றின் போக்கைத் தடுக்கப் போட்ட தற்காலிக அணைகள் திரும்பத் திரும்ப வெள்ளத்தில் போனபோதும் விடாமல் முடித்தவர். அந்தக் கதையைச் சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம் என்றால், ஆயிரக்கணக்கானவர்களின் உடம்பால் நடந்த ஒரு வேலையை ஒருவருடைய பணத்தால் நடந்த வேலையாக மாற்றிவிடுகிறோம். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

அந்த வருஷங்களில் நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை 483 என்று பதிவாகியிருக்கிறது. அணைக்குச் சற்று வடக்கே புதைக்கப்பட்டார்கள். காலராவும் காய்ச்சலும். வெள்ளத்திலும் வெடியிலும் போனவர்கள் இந்தக் கணக்கில் வருபவர்கள் அல்ல. 483 என்ற எண்ணை எல்லாரும் எழுதுகிறோம், நானும் இதோ எழுதிவிட்டேன். ஒரு பெயரையும் எழுத முடியவில்லை.

பட்டாளம் என்ன ஆனது?

1895 அக்டோபர் 10இல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு தண்ணீரைத் திறந்துவிட்டார். அதே 1895 ஏப்ரலில், அதாவது ஆறு மாதம் முன்பு, சென்னைப் படை என்ற தனி அமைப்பே ரத்தாகி, மூன்று மாகாணப் படைகளும் ஒரே இந்திய ராணுவமாக இணைந்திருந்தன. கட்ட வந்த சிப்பாயின் படை, கட்டி முடிவதற்குள் காகிதத்தில் காணாமல் போயிற்று.

1903இல் கிச்சனர் எண்களை மாற்றினார். முதல் மதராஸ் பயனியர்ஸ் 61வது பயனியர்ஸ் ஆனது. நான்காவது, 64வது ஆனது. 61வது பட்டாலியன் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கடற்கரையில் இறக்கப்பட்டது. ஜெர்மன் தளபதி லெட்டோவ் ஃபோர்பெக்கிடம் பிரிட்டிஷார் படுதோல்வி கண்ட போர் அது. முதல் உலகப் போர் முடிந்ததும் 1922இல் 61, 64, 81 மூன்றையும் சேர்த்து மதராஸ் பயனியர்ஸ் என்று ஒரே கோர் ஆக்கினார்கள். 1933இல் செலவு அதிகம் என்று பயனியர் படைகள் அனைத்தையும் கலைத்துவிட்டார்கள்.

ஒரு ரெஜிமென்ட் கலைந்தால் அதன் நினைவும் கலைந்துவிடும். உயிரோடு இருக்கும் ரெஜிமென்ட்டுக்கு மியூசியம் உண்டு, கொடி உண்டு, வருஷத்துக்கு ஒரு நாள் விழா உண்டு. சாப்பர்ஸுக்கு பெங்களூரில் அது இருக்கிறது. பயனியர்ஸுக்காகக் கேட்க ஆள் இல்லை. பெரியாற்றில் அவர்கள் செய்த வேலை பொறியாளர்களின் வரலாற்றில் ஒரு வரியாகவும், விவசாயிகளின் வரலாற்றில் ஒரு வரிகூட இல்லாமலும் போனதற்கு இதுவும் காரணம்.

எல்லையில் இது ஏன் முக்கியம்

2011 டிசம்பரில் கம்பம், கூடலூர் பக்கத்து ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்கள். அணையை உடைத்துப் புதிது கட்டவேண்டும் என்ற கோரிக்கை கேரளத்தில் எழுந்த நேரம். போலீஸ் தடுத்து நிறுத்தியது இந்த லோயர் கேம்ப்பில். சாலை பல நாள் மூடிக்கிடந்தது. 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. வழக்குகள் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் பேசினாலும் அணை ஒரு எண்ணாகத்தான் வருகிறது. அடி, டிஎம்சி, ஏக்கர், வருஷம். அந்த அணை அங்கே நிற்கக் காரணமானவர்கள் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர்கள். சென்னை மாகாணத்து ஆட்கள், திருவிதாங்கூர் மண்ணில், கொச்சித் தச்சர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். செத்தவர்கள் புதைந்திருப்பது கேரளத்துக் காட்டில். அவர்கள் பேரன் பேத்திகள் குடிப்பது வைகைத் தண்ணீர். அவர்களை நினைவுகூர எந்த மாநிலமும் இன்னொன்றிடம் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

செய்யக்கூடியது இரண்டு விஷயம்.

ஒன்று, மணிமண்டபத்து வளாகத்தில் ஒரு கல். பென்னிகுவிக்கின் சிலைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். மதராஸ் பயனியர்ஸ் 1வது, 4வது பட்டாலியன்கள், கொச்சித் தச்சர்கள், பள்ளத்தாக்கின் கூலியாட்கள், 483 பேர். நான்கு வரி போதும். "லோயர் கேம்ப்" என்ற பெயருக்கு அர்த்தம் கேட்கும் குழந்தைக்குப் பதில் அங்கேயே இருக்கும்.

இரண்டாவது, உங்கள் வீட்டுப் பெட்டி. வேலூர், திருச்சி, மதுரை, திருநெல்வேலிப் பக்கம் "எங்க பூட்டன் பட்டாளத்துல இருந்தாரு" என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. பழைய மெடலைப் பார்த்தால் விளிம்பை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். அந்தக் கால பிரிட்டிஷ் மெடல்களின் விளிம்பில் பெரும்பாலும் சிப்பாயின் எண்ணும் பெயரும் ரெஜிமென்டும் பொறித்திருக்கும். "1வது மதராஸ் பயனியர்ஸ்", "61வது பயனியர்ஸ்", "64வது பயனியர்ஸ்" என்று இருந்தால் அந்தக் குடும்பத்துக்குப் பெரியாற்றோடு ஒரு தொடர்பு இருக்க வாய்ப்பு உண்டு. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் காகிதம் எதுவாக இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் அந்தக் கணக்கில் அதுதான் முதல் பெயர்.